பகடையும் மரணமும்

நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாரை வேண்டுமானாலும் அவன் கொல்லலாம். எந்தக் கோர்ட்டும் அவனைக் கூப்பிட்டு விசாரிக்காது. விசாரிக்கிறவர்கள் வாசகர்கள்தாம். "அந்தப் பெண்ணை ஏன் ஸார் சாகடித்தீர்கள்?" என்று எழுதிக் கேட்பார்கள். "கதை அப்படிப் போயிற்று" என்று பதில் எழுதுவோம். அந்தப் பதில் பாதி பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அது ஒரு பதில். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, சொல்லும் கடமை நமக்கு உண்டு என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ஈ. எம். ஃபார்ஸ்டர் 1907இல் எழுதிய 'தி லாங்கஸ்ட் ஜர்னி' என்ற நாவலில் ஜெரால்ட் என்று ஒருவன் வருகிறான். திடகாத்திரமான ராணுவ வாலிபன். ஓர் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில், எந்த முஸ்தீபும் இல்லாமல், அவன் செத்துப்போகிறான். கால்பந்து ஆடிய இடத்தில் அடிபட்டுச் சாவு. அந்த வரியைப் படிக்கிற எவருக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப் போடும். ஃபார்ஸ்டர் செய்தது சரியா, தப்பா என்று இன்றும் சர்ச்சை செய்யலாம். ஆனால் ஒரு விஷயத்தில் சர்ச்சைக்கு இடமில்லை. ஜெரால்டைப் பெற்றவரும் ஃபார்ஸ்டர், கொன்றவரும் ஃபார்ஸ்டர். தன் பிள்ளையைத் தானே அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அடித்ததாக ஆகாது.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து அடிக்கிற மாதிரி ஒரு கதை உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். அதில் கதாபாத்திரத்தைப் படைத்து வளர்ப்பவர் ஒருவர். அந்தப் பாத்திரம் சாகும் சந்தர்ப்பத்தை உண்டுபண்ணுகிறவர் இன்னொருவர். கொலையைச் செய்வதோ இருபது முகம் உள்ள ஒரு பகடை. அமெரிக்கர்கள் இதை 'ரோல் பிளேயிங் கேம்' என்கிறார்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவது. இந்த வகையில் முதன்மையானது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வசித்த கேரி கைகாக்ஸ், மினஸோட்டா ராஜ்யத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் சேர்ந்து உருவாக்கி, 1974இல் வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம் பெட்டிகள். இன்று உலகம் முழுவதும் அதை ஆடுகிறார்கள்.

ஆட்டம் நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் நடுவர். 'டன்ஜன் மாஸ்டர்' என்பது அவருடைய பட்டம். உலகம் அவருடையது. மலை, குகை, குகைக்குள் இருக்கும் பூதம், பூதம் காக்கும் புதையல் எல்லாம் அவர் வைத்தவை. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம்: ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசாரி, ஒருவர் திருடன். "எதிரே ஒரு கதவு இருக்கிறது. உள்ளே யாரோ முனகுகிற சத்தம். என்ன செய்கிறீர்கள்?" என்று நடுவர் கேட்பார். "காதை வைத்துக் கேட்கிறேன்" என்பார் ஒருவர். "உதைத்துத் திறக்கிறேன்" என்பார் இன்னொருவர். விளைவு நிச்சயமாகத் தெரியாத இடங்களில் பகடையை உருட்டுவார்கள். ஒரே கதை வாரா வாரம் தொடர்ந்து வருஷக்கணக்கில் நடப்பது உண்டு. பாத்திரம் அனுபவம் பெற்று வளரும். அதற்குச் சிநேகிதம், விரோதம், கடன், காதல் எல்லாம் சேரும். ஒரு நாவலாசிரியன் பார்த்துப் பொறாமைப்படக்கூடிய விஷயம் இது. எழுதுகிறவனும் படிக்கிறவனும் ஒரே ஆளாக உட்கார்ந்திருக்கிறான்.

இந்தப் பாத்திரம் இரண்டு விதமாகச் சாகலாம். முதலாவது, அடிபட்டுச் சாவது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ச்சக்தி என்று ஒரு எண் உண்டு. நாற்பது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாள் வெட்டு விழுந்தால் எட்டு குறையும். ஈட்டி பாய்ந்தால் ஆறு குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் காலி. இரண்டாவது, ஒரே உருட்டலில் சாவது. விஷப் பாம்பு கடித்துவிட்டது, அல்லது மந்திரவாதியின் மரணக் கதிர் பட்டுவிட்டது. அப்போது உயிர்ச்சக்தி நாற்பதா நானூறா என்று யாரும் பார்ப்பதில்லை. பகடையை ஒரு தடவை உருட்ட வேண்டும். குறித்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைத்தான். இல்லாவிட்டால் செத்தான். இதற்கு 'சேவிங் த்ரோ' என்று பெயர். தப்பும் உருட்டல் என்று நாம் சொல்லலாம். 1974ஆம் வருஷத்துப் புத்தகத்தின்படி, புதிதாகக் கிளம்பிய ஒரு வீரன் விஷத்திலிருந்து தப்ப 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகங்களில் ஒன்பது அவனுக்குச் சாதகம். பதினொன்று யமனுக்குச் சாதகம்.

இந்த ஒரே உருட்டல் மரணம் ஆடுகிறவருக்கு நியாயமா? ஐம்பது வருஷமாக இந்த ஆட்டக்காரர்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வி இது. கதை எழுதுகிற எனக்கு இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. சாவு திடீரென்று வருவதில் அநியாயம் எதுவும் இல்லை. பகடை தீர்மானிப்பதிலும் அநியாயம் இல்லை. ஆடுகிறவர் செய்த எந்தத் தீர்மானத்துக்கும் சம்பந்தமில்லாமல் வருகிற சாவுதான் அநியாயம். பகடை உருளுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்த்துத்தான் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

விதி எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இந்த ஆட்டத்தைப் பெற்ற தாய், பொம்மைச் சிப்பாய்களை மேஜைமேல் நிறுத்தி ஆடும் யுத்த விளையாட்டு. கைகாக்ஸே 1971இல் ஜெஃப் பெர்ரன் என்பவரோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்ற யுத்த விளையாட்டு விதிகளை வெளியிட்டிருக்கிறார். அங்கே ஒரு சிப்பாய்க்கு அடி விழுந்தால் சிப்பாய் தீர்ந்தான்; பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். யாரும் வருத்தப்படுவதில்லை. இன்னும் ஒரு பட்டாளமே மேஜைமேல் நிற்கிறது. நம் தாயக்கட்டத்தில்கூட வெட்டுப்பட்ட காய் வீட்டுக்குத் திரும்பி, மறுபடி தாயம் விழுந்தால் புறப்பட்டுவிடும். புதிய ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரே காய். அதற்கு ஒரு பெயர், ஒரு முகம், ஓர் அப்பா அம்மா. இந்த வித்தியாசம் ஆட்டத்தைச் செய்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் உயிர்ச்சக்தி என்ற ஏற்பாட்டைப் பெரிதாக வளர்த்தார்கள். நாற்பது முப்பதாகி, முப்பது பன்னிரண்டாகும்போது, ஓடலாமா, சரணடையலாமா, கடைசி மருந்தைக் குடிக்கலாமா என்று யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. எண் குறைவது ஒவ்வொன்றும் ஓர் எச்சரிக்கை. விஷத்துக்கும் மரணக் கதிருக்கும் மட்டும் பழைய பட்டாளத்துச் சட்டமே நின்றுவிட்டது. பட்டாளம் வைத்திருந்தவனுக்குப் பொருந்திய சட்டம், ஒற்றைப் பிள்ளை வைத்திருப்பவனுக்கும் செல்லும் என்று விட்டுவிட்டார்கள்.

தப்பும் உருட்டல் கருணையால் பிறந்தது என்று கைகாக்ஸின் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். அது வாஸ்தவம். 1979இல் வந்த நடுவர்களுக்கான கைப்புத்தகத்தில் அவரே இதற்காக வாதாடியிருக்கிறார். பாறையோடு சங்கிலியால் கட்டப்பட்டவன் எதிரே டிராகன் நெருப்பைக் கக்கினால் அவன் எப்படித் தப்ப முடியும் என்று யாரோ கேலி செய்தார்களாம். நெருப்புக் கக்கும் டிராகனையே நம்புகிறவர்கள், பாறையில் ஒரு பிளவு இருந்திருக்கலாம் என்பதை நம்பக் கூடாதா என்கிற தோரணையில் அவர் பதில் சொல்கிறார். அழகான பதில்தான். செத்தே தீர வேண்டியவனுக்கு உருட்டல் ஒரு சந்தர்ப்பம் தருகிறது என்பது அவர் கட்சி. ஆனால் அவனைப் பாறையில் கட்டியது யார் என்ற கேள்வி அந்தப் பதிலில் வரவில்லை.

கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். ஒருவன் எவ்வளவோ வளர்ந்து பெரிய வீரனாகிவிட்டான். இருபதில் ஒன்று விழுந்தால் மட்டும்தான் அவனுக்குச் சாவு என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பிழைப்பான். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் இப்படிப் பத்து உருட்டல் வந்தால், அவ்வளவையும் கடந்து அவன் உயிரோடு இருக்க நூற்றுக்கு அறுபது பங்கே வாய்ப்பு. பதினாலு உருட்டல் வந்துவிட்டால் பாதிக்கும் கீழே போய்விடும். "அரக்கர்களும் இதே உருட்டலில்தானே சாகிறார்கள், இரு தரப்புக்கும் ஒரே சட்டம்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். இந்தச் சமாதானம் எடுபடாது. பாம்பு ஒரு அறையில் ஒரு தடவை வருகிறது. செத்தால் நடுவர் அடுத்த அறையில் இன்னொரு பாம்பை வைத்துக்கொள்வார். கதாநாயகன் எல்லா அறைகளிலும் வருகிறான். ஒரே சட்டம் இருவரிடமும் ஒரே வரி வசூலிப்பதில்லை.

இதில் பணயம் என்ன என்று கேட்கலாம். காகிதத்தில் எழுதிய ஒரு ஆள்தானே? எனக்குப் பழக்கமான ஒரு இளைஞர் இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் இந்த ஆட்டம் ஆடியவர். அவருடைய பாத்திரம் ஒரு பெண் பூசாரி. வழியில் கண்டெடுத்த ஓர் அநாதைப் பையனை வளர்த்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள் ஒரு பெட்டியைத் திறந்தாள். பூட்டில் விஷ ஊசி. பகடையில் மூன்று விழுந்தது. செத்துப்போனாள். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிற்பாடு என்னிடம் சொன்னார்: "செத்ததுகூடப் பரவாயில்லை ஸார். நான் வேறு என்ன செய்திருக்கலாம் என்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒன்றுமே அகப்படவில்லை. பெட்டி என்று இருந்தால் யாராவது திறக்கத்தானே வேண்டும்?"

இந்த வழக்கில் நான் கேட்ட சாட்சியங்களில் மிக முக்கியமானது இதுதான். துயரக் கதைகளில் நம்மை வாட்டுவது அந்த "வேறு செய்திருக்கலாமே" என்ற எண்ணம். இவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு வருஷக் கதைக்கு முடிவே எழுதப்படவில்லை; தாள் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த அநாதைப் பையன் என்ன ஆனான் என்று கேட்க அங்கே ஆளில்லை.

"வாழ்க்கை அப்படித்தானே இருக்கிறது? நேற்று ஓடியாடினவன் இன்று பாம்பு கடித்துப் போகவில்லையா?" என்பது எதிர்க்கட்சியின் பெரிய வாதம். யதார்த்தத்தின் பெயரால் சொல்லப்படுவதால் இதற்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்துவிடுகிறது. ஆனால் வாழ்க்கையில் அந்தப் பாம்பை அங்கே வைத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆட்டத்தில் நன்றாகத் தெரியும். அவர் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்து அந்தப் பெட்டிக்குள் ஊசியை வைத்தவர் அவர். ஆசிரியன் இருக்கிற இடத்தில் விதியைக் காரணம் காட்டக் கூடாது. "வாழ்க்கையில் இப்படி நடக்கிறது" என்று ஒரு நாவலாசிரியன் சொன்னால் நல்ல விமர்சகர் யாரும் விடமாட்டார். "உன் கதையில் ஏன் நடந்தது?" என்று கேட்பார்.

பாம்பு கடித்துச் செத்த ஒரு ராஜாவின் கதை நமக்கெல்லாம் தெரியும். பரீக்ஷித்து வேட்டைக்குப் போன இடத்தில், தாகத்தில், தியானத்தில் இருந்த சமீக முனிவர் கழுத்தில் செத்த பாம்பைத் தூக்கிப் போட்டான். முனிவருடைய பிள்ளை சபித்தான்: ஏழாம் நாள் தக்ஷகன் கடிப்பான். சாபம் ராஜாவுக்குச் சொல்லி அனுப்பப்பட்டது. பாரதக் கதையில் அவன் ஒற்றைத் தூணில் மாளிகை கட்டிக் காவல் போட்டுக்கொள்கிறான். விஷத்தை இறக்க வல்ல காசியபர் புறப்பட்டு வருகிறார். தக்ஷகன் வழியிலேயே அவருக்குப் பொருளைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறான். கடைசியில் பழத்துக்குள் ஒரு புழுவாக வந்து சேருகிறது மரணம். ஒரே கடி, ஒரே விஷம், உடனே சாவு. ஆனால் அந்தக் கடிக்கு முன்னால் என்ன இருக்கிறது பாருங்கள். அவனே செய்த ஒரு காரியம் இருக்கிறது. எச்சரிக்கை இருக்கிறது. தப்புவதற்கு அவன் செய்த முயற்சி இருக்கிறது. பாகவதம் பிறந்ததே அந்த ஏழு நாளில்தான். வேட்டையாடப் போன அன்றே, புதரிலிருந்து ஒரு பாம்பு வந்து பரீக்ஷித்தைக் கடித்திருந்தால் அதுவும் யதார்த்தந்தான். யாரும் அதைக் கதையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எச்சரிக்கை, தேர்வு, அப்புறம் பகடை. இந்த வரிசை இருந்தால் ஒரே உருட்டலில் ஆள் போனாலும் நான் முறையிட மாட்டேன். விஷ ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில், விரல் கறுத்த ஒரு பழைய பிணம் கிடந்திருந்தால் போதும். அந்தப் பூசாரி திறந்ததும் அவளுடைய செயல், திறக்காமல் போயிருந்தாலும் அவளுடைய செயல் என்று ஆகியிருக்கும்.

கொடுமைக்கே பெயர்போன ஒன்றை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்', அதாவது பயங்கரங்களின் சமாதி, கைகாக்ஸ் 1975இல் பால்டிமோரில் நடந்த 'ஆரிஜின்ஸ்' ஆட்டக்காரர் மாநாட்டுக்காகத் தயாரித்து, 1978இல் புத்தகமாக வந்த ஒரு குகைத் திட்டம். முதல் நடையின் கோடியில் சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம். வாய் திறந்திருக்கிறது, உள்ளே ஒரே இருட்டு. அந்த வாய்க்குள் புகுந்தவன் இருந்த இடம் தெரியாமல் அழிந்துபோவான். தப்பும் உருட்டல்கூடக் கிடையாது. இதைவிட அநியாயம் உண்டா என்று தோன்றும். ஆனால் அதே நடையின் தரையில் ஒரு புதிர்ப்பாட்டு எழுதி வைத்திருக்கிறது. பச்சை நிறத்தைத் தவிர்க்கச் சொல்லும் குறிப்பு அதில் இருக்கிறது. தரையைப் பார்த்து நடந்தவன் படித்திருப்பான். படித்தும் வாய்க்குள் தலையை விட்டவனைப் பற்றி நான் என்ன சொல்ல? உருட்டலே இல்லாத அந்த வாய், உருட்டல் உள்ள பெட்டியைவிட நியாயமானது.

அந்தச் சமாதி முழுவதும் அப்படி இருக்கிறது என்று சொல்லமாட்டேன். முன்கூட்டி ஊகிக்கவே முடியாத பொறிகளும் அதில் உண்டு. அவை ஆட்டக்காரருக்குக் கற்றுத்தருகிற பாடம் எனக்குப் பிடிக்கவில்லை. கைகாக்ஸின் நண்பர் ராப் குன்ட்ஸ், ராபிலார் என்ற தன் வீரனோடு அதற்குள் போனவர். தன் ஏவலில் இருந்த ஓர்க்குகள் என்ற அரக்க ஜாதி வேலைக்காரர்களை ஒவ்வொருவராக முன்னே அனுப்பினார். அவர்கள் செத்த இடங்களை விட்டு விலகி நடந்து, புதையலோடு வெளியே வந்தார். சாமர்த்தியந்தான். ஆனால் கதாநாயகன் என்று நாம் சொல்கிறவன் செய்கிற காரியமா அது? நியாயமில்லாத சாவு, ஆடுகிறவரைக் கோழையாக்கும்; கணக்குப் பிள்ளையாக்கும். பத்தடிக் கழியால் தரையைத் தட்டித் தட்டி நடப்பான். யாரையும் சிநேகிதம் செய்துகொள்ள மாட்டான். தன் பாத்திரத்துக்குத் தாய் தகப்பன் வைக்கமாட்டான்; பெயர்கூட வைக்கமாட்டான். எப்படியும் அடுத்த கதவில் சாகப்போகிறவனுக்குப் பெயர் எதற்கு? நான் வருத்தப்படுவது இதற்குத்தான். அந்த மேஜையில் நஷ்டமாவது ஒரு உயிர் மட்டுமல்ல, இனிமேல் வரப்போகும் பாத்திரங்கள்மேல் வைக்கக்கூடிய ஆசையும் சேர்ந்து போகிறது.

'டிராவலர்' என்று இன்னொரு ஆட்டம். மார்க் மில்லர் 1977இல் செய்தது. விண்வெளிக் கதை. இதில் ஒரு வேடிக்கை: பாத்திரம், கதை ஆரம்பிக்கும் முன்னாலேயே செத்துப்போகலாம். பாத்திரத்தின் பூர்வ சரித்திரத்தைத் தயாரிக்கும்போது, நாலு நாலு வருஷமாகப் பட்டாளத்திலோ வேறு உத்தியோகத்திலோ கழித்ததாகக் கணக்கு. ஒவ்வொரு நாலு வருஷத்துக்கும் ஒரு பிழைக்கும் உருட்டல். தவறினால் அந்த ஆளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆள் தயாரிக்க வேண்டும். வேவு பார்க்கும் உத்தியோகத்தில் இரண்டு பகடையும் சேர்ந்து ஏழோ அதற்கு மேலோ விழ வேண்டும்; முப்பத்தாறு வகையில் இருபத்தொன்று பிழைக்கும். கேட்டவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். நானோ இதை ஓரளவுக்கு ஆதரிப்பேன். நாலு வருஷம் கூட இருந்தால் கூட வித்தை கிடைக்கும். அதற்குள் சாகவும் கூடும். "போதும், இறங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். "இன்னொரு தடவை" என்று பேராசைப்படவும் செய்யலாம். முதல் நாலு வருஷத்தில் மட்டும் இந்த வழி இல்லை. அப்போது செத்தவன்மேல் யாரும் இன்னும் ஆசை வைத்திருக்கவில்லை. இரண்டு வருஷம் வளர்த்த பூசாரி செத்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல.

இனி, சட்டம் இயற்றியவரின் மனச்சாட்சியைப் பார்ப்போம். அதே 1979ஆம் வருஷத்துக் கைப்புத்தகத்தில் கைகாக்ஸ் நடுவர்களுக்கு ஒரு புத்திமதி சொல்கிறார். ஒருவன் எல்லா ஜாக்கிரதையும் செய்து நன்றாக ஆடியும், விபரீதமாக விழுந்த ஒரு பகடையால் சாக நேர்ந்தால், நடுவர் தலையிடலாம். உயிரை எடுப்பதற்குப் பதிலாக மூர்ச்சையாக்கலாம், ஒரு கையையோ கண்ணையோ எடுத்துக்கொள்ளலாம். முட்டாள்தனம் செய்தவனுக்கும் அஜாக்கிரதையாக இருந்தவனுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே பகடை சொன்னதே முடிவு. நான் சொல்லவந்த நியாயத்தை அவரே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்ன இடம் தப்பு. இது சட்டத்தில் இருக்க வேண்டியது. அதை நீதிபதியின் தயவுக்கு விட்டுவிட்டார். ஒரு மேஜையில் இரக்கமுள்ள நடுவர் இருப்பார்; அடுத்த மேஜையில் பகடையைக் கும்பிடுகிறவர் இருப்பார். இரக்கமுள்ளவரும் திரைக்குப் பின்னால் பகடையை உருட்டி, மூன்று விழுந்ததைப் பதின்மூன்று என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். பொய் ஒரு நாள் வெளிப்பட்டால், முன்பு பெற்ற ஜயங்களும் பொய்யாகிவிடும்.

செத்தவனை மந்திரத்தால் எழுப்பிக்கொள்ளலாமே என்பதும் ஒரு சமாதானம். எழுப்பலாம். ஆனால் உயர்ந்த நிலைக்கு வந்த பூசாரியால்தான் அது முடியும். எழுந்திருக்க உடம்பு தாங்குமா என்பதற்கு இன்னொரு உருட்டல். ஆக, பெரிய மனிதனுக்குச் சாவு ஒரு செலவு. ஏழைக்குத்தான் அது சாவு. நாட்டு நடப்பை இவ்வளவு துல்லியமாகப் பிரதிபலித்ததற்காக வேண்டுமானால் அந்தப் புத்தகத்தைப் பாராட்டலாம்.

பிற்காலத்தவர்கள் இந்தப் பாம்பின் பல்லைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பிடுங்கினார்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் விஷம் உடனே கொல்வதை நிறுத்திவிட்டு, பலத்தையும் திடத்தையும் தின்னத் தொடங்கியது. 2008இல் வந்த நாலாம் பதிப்பில், பார்வையால் கல்லாக்கும் அரக்கியிடம் மாட்டினவன் ஒரே அடியாகக் கல்லாவதில்லை, படிப்படியாக ஆகிறான். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில், உயிர்ச்சக்தி பூஜ்யமாகி விழுந்தவன் முறைக்கு ஒரு தடவை உருட்டுகிறான். பத்தும் அதற்கு மேலும் நல்லது. மூன்று நல்லது வந்தால் பிழைத்துக் கிடப்பான். மூன்று கெட்டது வந்தால் சாவான். அதற்குள் ஒரு தோழன் ஓடிவந்து கொஞ்சம் மருந்து கொடுத்தாலும் எழுந்து சண்டை போட ஆரம்பித்துவிடுவான்.

இதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. விழுந்தவனுக்கும் சாவுக்கும் நடுவில் தோழர்களுக்கு வேலை வந்துவிட்டது. எதிரியை விட்டுவிட்டு அவனைப் பார்க்க ஓடுவதா, எதிரியை முடிப்பதா என்ற தேர்வு பிறந்துவிட்டது. தேர்வு பிறந்த இடத்தில் கதை பிறக்கும். ஆனால் மருந்து ஏராளமாகக் கையில் இருந்துவிட்டால் சாவு வெறும் பயமுறுத்தலாகிவிடுகிறது. விழுவதும் எழுவதுமாக ஒரே சண்டையில் நாலு தடவை செத்துப் பிழைத்தவனுக்காக யார் கவலைப்படுவார்கள்? தொடர்கதையில் வாரா வாரம் மலை உச்சியிலிருந்து தள்ளப்பட்டு, வாரா வாரம் மரக்கிளையில் சிக்கிக்கொள்ளும் கதாநாயகியை நமக்குத் தெரியும். மூன்றாம் வாரத்துக்கு மேல் அவள் விழுந்தால் நாம் கொட்டாவி விடுகிறோம். பழைய சட்டம் ஆசையைக் கொன்றது என்றால், புதிய சட்டம் பயத்தைக் கொல்லப் பார்க்கிறது. இரண்டில் எது போனாலும் கதை நொண்டும்.

பகடையே இல்லாமல் இந்தச் சிக்கலை அவிழ்த்த ஒரு ஆட்டத்தைச் சொல்லி முடிக்கிறேன். அதன் பெயர் 'டிரெட்'. பீதிக் கதைகளுக்காக எபிடையா ராவஷால் என்பவரும் இன்னொருவரும் இந்த நூற்றாண்டின் ஆரம்ப ஆண்டுகளில் உருவாக்கியது. மேஜை நடுவில் சின்னச் சின்ன மரக்கட்டைகளை அடுக்கிய ஒரு கோபுரம்; ஜெங்கா என்று கடையில் கிடைக்கிற அதே பொருள். ஆபத்தான காரியம் செய்கிறவர் கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால் அவருடைய பாத்திரம் ஒழிந்தது. மறு பேச்சே இல்லை. இதுவும் ஒரே அடியில் சாவுதான். ஆனால் கோபுரம் எவ்வளவு ஆடுகிறது என்பது எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிறது. உருவுவது அவரவர் கை. "நான் தொடமாட்டேன்" என்று விலகிக்கொள்ளலாம். அப்போது அந்தக் காரியம் பலிக்காது, உயிர் தப்பும். தோழர்களைக் காப்பாற்றத் தானே கோபுரத்தைத் தட்டிவிட்டு, சாவை ஏற்றுக்கொண்டு, எடுத்த காரியத்தை முடிக்கவும் விதியில் இடமிருக்கிறது. எச்சரிக்கையும் தேர்வும் மரணமும் ஒரே மரக்கட்டைக்குள் அடங்கிவிட்டன.

ஆகையால், ஒரே உருட்டலில் சாவது நியாயமா என்று என்னைக் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. நடுவராக உட்காருகிறவர் பெட்டிக்குள் ஊசியை வைக்கட்டும், தடுக்க மாட்டேன். வைப்பதற்கு முன்னால், அந்த ஊசி குத்திச் செத்தவர் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், "அந்த இடத்தில் நான் திரும்பியிருக்கலாம்" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் அவருக்கு இருக்குமா என்று தம்மைத் தாமே ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும். இருக்கும் என்றால் தாராளமாகப் பகடையை எடுக்கலாம். இல்லையென்றால், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் விரல் கறுத்த ஒரு பிணத்தைப் போட்டு வைக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.